கோடு விழாத வாக்கியங்கள்: மலையகப் பாடசாலை ஒன்றில் கணினி திருத்திய ஆங்கிலக் கட்டுரைகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் போகும் பாதையில் உள்ள ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்கள் தரம் 10 பிள்ளைகள் தாங்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைப் பிழை காட்டும் மென்பொருள் ஒன்றில் போட்டுத் திருத்திப் பழகினார்கள். ஒரு கல்வியாண்டு முழுக்க இது நடந்தது. என்ன செய்தோம், எது பலித்தது, எது பிள்ளைகளைத் திசை மாற்றியது என்பதை மற்ற ஆங்கில ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் கோடு போட்ட இடங்களில் பிள்ளைகள் ஓரளவு நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். அது கோடு போடாமல் விட்ட இடங்களிலும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: "இது சரி" என்று. அந்த இரண்டாவது பாடத்தை மாற்றுவதற்குத்தான் எங்கள் நேரத்தில் பாதி போனது.

ஏன் தொடங்கினோம்

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் லயங்களிலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். ஆங்கிலம் தரம் 3 முதல் பாடமாக இருந்தாலும், பாடசாலைக்கு வெளியே அது காதில் விழுவது அபூர்வம். கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழும் சிங்களமும், வீட்டில் தமிழ். தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையின் வாசிப்புக் கேள்விகளை ஊகித்தாவது சமாளிக்கிறவர்கள், இரண்டாம் வினாத்தாளில் கடிதமும் வரைபட விவரிப்பும் கட்டுரையும் வரும்போது திணறிவிடுகிறார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத வராமல் போவதற்குப் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. எழுதியதை யாரும் திருத்தித் தருவதில்லை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் செலவழித்தால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஓர் ஆசிரியருக்கு அப்படி நான்கைந்து வகுப்புகள் இருக்கும். அதனால் மாதத்துக்கு ஒரு கட்டுரை, சில தவணைகளில் அதுவும் இல்லை. கொப்பி திரும்பிப் போகும்போது, தான் என்ன எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும். சிவப்பு மையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். போதாக்குறைக்கு 2022 பொருளாதார நெருக்கடியில் கொப்பி விலை ஏறியதிலிருந்து இரண்டாம் தரம் எழுதிப் பார்ப்பது என்ற பழக்கமே வீடுகளில் குறைந்துவிட்டது. நுணுக்கி நுணுக்கி ஒரே தரம் எழுதுவார்கள், அதோடு சரி.

பிழையை எழுதிய கையோடு யாராவது காட்டினால் எப்படி இருக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி. இலவசமாகக் கிடைக்கும், பிழைக்குக் கீழே கோடு போட்டு, தொட்டால் திருத்தத்தையும் தரும் வகை மென்பொருள் ஒன்றைத் தெரிந்தெடுத்தோம்.

போன்களை நம்பியிருக்க முடியவில்லை. பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அது காலையில் அம்மாவோடு கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய்விடும். மாலையில் கிடைத்தாலும் சிக்னல் வேண்டுமென்றால் லயத்திலிருந்து மேட்டுக்கு ஏறி வர வேண்டும். ஆகவே பாடசாலைக் கணினி அறையிலேயே, ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள் என்று உட்கார வைத்தோம். முதலில் கொப்பியில் கையால் எழுத வேண்டும், பிறகுதான் தட்டச்சு. இந்த ஒழுங்கு நேரத்தைத் தின்றது. ஆனால் பின்னால் நடந்ததையெல்லாம் புரிந்துகொள்ள உதவியதும் இதுதான், ஏனென்றால் பிள்ளை தானாக எழுதியதும் இயந்திரம் தொட்ட பிறகு இருந்ததும் எங்கள் கையில் தனித்தனியே இருந்தன.

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது

பல ஆசிரியர்கள் இந்த மென்பொருளை இலக்கணம் தெரிந்த ஓர் ஆளைப் போல நினைக்கிறார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால்தான், எங்கே நம்பலாம் எங்கே நம்பக்கூடாது என்று தெரியும்.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் எலிஸ் பேஜ் என்ற கல்வியியலாளர் கட்டுரைகளுக்குக் கணினியால் புள்ளி போடும் முறை ஒன்றை உருவாக்கினார். கட்டுரையின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போல எண்ணக்கூடியவற்றை அது எண்ணியது. எண்ணியதும் மனிதர் போட்ட புள்ளியும் ஒத்துப்போனால் போதும் என்பது அதன் அடிப்படை. 1999இல் முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கான ஜிமேட் பரீட்சையின் கட்டுரைகளுக்கு ஈ-ரேட்டர் என்ற மென்பொருள் மனித மதிப்பீட்டாளரோடு சேர்ந்து புள்ளி போடத் தொடங்கியது. புள்ளி போடுவதிலிருந்து பிழை காட்டுவதற்கு வந்தது அடுத்த கட்டம்.

அந்தக் கட்டத்தில் எங்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில் ஆசிரியர்கள் பிழைகளைக் குறித்து ஒரு தொகுப்பு உருவாக்கினார்கள். அதை வைத்து 2013இலும் 2014இலும் பிழைதிருத்தும் மென்பொருள்களுக்கு இடையே சர்வதேசப் போட்டி நடந்தது. 2014இல் மதிப்பிடும் முறையை மாற்றினார்கள். இருக்கிற பிழைகளில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறது என்பதைவிட, காட்டிய பிழை உண்மையிலேயே பிழைதானா என்பதற்கு இரண்டு மடங்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். காரணம் நியாயமானது: சரியான வாக்கியத்தைப் பிழை என்று சொன்னால் கற்கிறவர் குழம்பிப்போவார், பிழை ஒன்றைக் காட்டாமல் விட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை.

இப்படி அளக்கப்பட்டு வளர்ந்த மென்பொருள், சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். அதன் மௌனத்துக்கு "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்றும் பொருள் இருக்கலாம். பிள்ளைக்கு அது தெரியாது.

நன்றாக நடந்தவை

குறையை மட்டும் சொன்னால் அநியாயம். எங்கள் பிள்ளைகள் விடும் பிழைகளில் ஒரு பெரிய பங்கை மென்பொருள் சரியாகவே பிடித்தது. எழுத்துப்பிழை, ஒருமைப் பெயரோடு வரும் வினையில் விட்டுப்போன 'எஸ்', "டிட்"டுக்குப் பிறகு "வென்ட்", பெயர்ச்சொல்லுக்கு முன் விட்டுப்போன "த", "எ". தமிழில் "ரெண்டு புத்தகம் வாங்கினேன்" என்றால் யாரும் குறை சொல்வதில்லை, அதனால் "டூ புக்" என்று எழுதுவார்கள். அதையும் பிடித்தது. இவையெல்லாம் ஆசிரியருக்குச் சலிப்பூட்டும் திருத்தங்கள். சலித்துப்போன ஆசிரியர் பாதியில் விட்டுவிடுவார். இயந்திரம் விடாது.

கூடவே நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கொப்பியை என்னிடம் காட்டவே கூசி, கையால் மறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். திரையில் விழுந்த கோட்டைப் பார்த்து அவர்கள் கூசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரோடு "ஏய், இதுக்கு ஏன் கோடு?" என்று பேசிக்கொண்டார்கள். ஆங்கில இலக்கணத்தைப் பற்றி இரண்டு பிள்ளைகள் தாங்களாக வாக்குவாதப்படுவதை அதற்கு முன் எங்கள் வகுப்பில் நான் கண்டதில்லை. அதற்காகவே இந்த முயற்சியை மறுபடியும் செய்யலாம்.

அம்மாவைப் பற்றிய கட்டுரை

முதல் தவணையில் "என் அம்மா" என்ற தலைப்பில் எழுதச் சொன்னோம். ஒரு மாணவியின் கொப்பியில் இருந்த வாக்கியம் இது: "மை மதர் பிளக்கிங் டீ லீவ்ஸ் எவ்ரி டே." தட்டச்சு செய்ததும் கோடு விழுந்தது. தொட்டால், "மதர்" என்பதற்கும் "பிளக்கிங்" என்பதற்கும் நடுவில் "இஸ்" சேர்க்கச் சொன்னது. சேர்த்தாள். கோடு மறைந்தது. மூலையில் இருந்த மதிப்பெண் ஏறியது. அதைப் பிடித்துக்கொண்டு மற்ற வாக்கியங்களையும் அவளே மாற்றிக்கொண்டு போனாள். "ஷீ இஸ் கோயிங் டு த பீல்ட் அட் செவன் ஓ க்ளாக்." "ஷீ இஸ் கமிங் ஹோம் அட் ஃபைவ்." "ஐ ஆம் ஹெல்பிங் ஹெர்." ஒன்றிலும் கோடு இல்லை.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் எங்காவது ஒரு சந்தர்ப்பத்தில் சரியாகத்தான் இருக்கும். சேர்த்து வாசித்தால் கட்டுரை முழுக்கப் பிழை. அம்மா தினமும் செய்வதைச் சொல்ல வந்த பிள்ளை, அம்மா இந்த நிமிடம் செய்துகொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாள். "பிளக்ஸ்", "கோஸ்", "கம்ஸ்", "ஹெல்ப்" என்று வந்திருக்க வேண்டும்.

கொப்பியில் நான் அவற்றுக்கு வட்டம் போட்டபோது அவள் நேராகக் கேட்டாள்: "சேர், கம்ப்யூட்டர் இதுக்குக் கோடு போடலையே?"

நல்ல கேள்வி. நம் மொழியில் "அம்மா கொழுந்து பறிக்கிறார்" என்பது இரண்டுக்கும் பொதுவாகப் பொருந்தும். இப்போது பறிக்கிறார் என்றும் எடுக்கலாம், தினமும் பறிக்கிறார் என்றும் எடுக்கலாம். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு நிகழ்காலம் என்றாலே "இங்" வடிவம்தான் முதலில் கைக்கு வருகிறது. மென்பொருள் பார்த்தது, வாக்கியம் நிற்க மிகக் குறைவாக என்ன சேர்க்க வேண்டும் என்று. "இஸ்" போதுமாக இருந்தது. "எவ்ரி டே" அந்த வாக்கியத்திலேயே இருந்தும், அதைக் காலத்தோடு பொருத்திப் பார்க்கவில்லை. இது பழக்கத்தைச் சொல்லும் கட்டுரை என்பதை எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவரை அது ஒரு தரமும் கவனிக்கவில்லை. தன் வாக்கியம் பாதி திருத்தப்பட்டு, முழுக்கத் திருத்தப்பட்டதாக அவளுக்குக் காட்டப்பட்டது.

மற்றக் கொப்பிகளைத் தேடிப் பார்த்தோம். அதே கதை பல இடங்களில். ஆண்டின் தொடக்கத்தில் "ஷீ கோயிங்" என்று எழுதியவர்கள், நடுப்பகுதியில் "ஷீ இஸ் கோயிங்" என்று எழுதினார்கள். முன்னேற்றம் என்று ஒரு வகையில் சொல்லலாம். ஆனால் பழைய பிழை ஆசிரியர் கண்ணில் உடனே படும், புதிய பிழை நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. பிள்ளைக்கு அதில் சந்தேகமும் இல்லாமல் போய்விட்டது.

சிவப்புக் கோட்டுக்குப் பயந்து விட்டுப்போனவை

கோடு விழுந்த இடத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. தோட்டத்தின் பெயர், பிள்ளையின் பெயர், மாரியம்மன், கங்காணி (தொழிலாளரை மேற்பார்ப்பவர்), பிரட்டுக்களம் (காலையில் தொழிலாளர் கூடும் இடம்), இவற்றுக்கெல்லாம் சிவப்புக் கோடு. ஆங்கில அகராதியில் இல்லாத சொல் என்பதைத் தவிர அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கோடு மறைந்தால்தான் நிம்மதி என்று பழகிய பிள்ளைகள் அந்தச் சொற்களை எடுத்துவிட்டார்கள். தோட்டத் திருவிழாவைப் பற்றிக் கையால் எழுதிய கட்டுரையில் காவடியும் தீமிதியும் இருந்தன. திரையில் ஏறிய கட்டுரையில் "வீ ஹேட் எ ஃபெஸ்டிவல். இட் வாஸ் வெரி நைஸ்" என்பது மட்டும் மிஞ்சியது. சாதாரண தர விடைத்தாளில் உள்ளடக்கத்துக்கும் புள்ளி உண்டு. பிழையில்லாமல் ஒன்றும் சொல்லாத கட்டுரைக்கு எங்கே புள்ளி கிடைக்கும்? புள்ளியை விடுங்கள். தன் ஊரைப் பற்றி எழுத வந்த பிள்ளை, தன் ஊரின் பெயரையே பிழை என்று அழித்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

உரையாடும் வகைச் செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒரு படி மேலே போனது. அக்கா, அண்ணன்மாரின் போனில் சிலர் அதைப் பயன்படுத்தினார்கள். அடிக்கோடு போடும் மென்பொருள் தயங்கித் தயங்கித் திருத்தும், இது முழுவதையும் மாற்றி எழுதிவிடும். "என் ஊர்" கட்டுரையில் ஒரு மாணவன் எழுதியிருந்தது: மழைக்காலத்தில் எங்கள் ரோட்டில் மண்மேடு சரியும், அப்போது பஸ் வராது, நாங்கள் குறுக்குப் பாதையால் நடந்து வருவோம். திரும்பி வந்த கட்டுரையில் பனிமூட்டம் தழுவும் பசுமையான மலைச்சாரலும் அமைதியான வாழ்க்கையும் இருந்தன. மண்சரிவு ஒரு அரை வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. ஆங்கிலம் குறை சொல்ல முடியாதது. சுற்றுலா விளம்பரத்தில் அப்படியே போடலாம். அந்த மாணவன் நடந்து வந்த பாதையை மட்டும் காணோம்.

இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பிடிக்க, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பயன்படுத்தலாமே என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை அத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியது என்றன. எளிய சொற்களில், குறைந்த சொல்வளத்தோடு எழுதுகிற பிள்ளைதான் அதில் மாட்டும். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். கொப்பியில் கையால் எழுதிய முதல் பிரதி இருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

முறையை மாற்றிய பிறகு

இரண்டாம் தவணையின் எழுத்துப் பரீட்சை, கணினி இல்லாமல், வழக்கம்போலக் கையால் நடந்தது. திரையில் தொட்டுத் தொட்டுத் திருத்திய பிழைகளில் பெரும்பகுதி விடைத்தாளில் அப்படியே திரும்பி வந்திருந்தது. தொட்டவுடன் திருத்தம் விழுவதால் பிள்ளை யோசிப்பதற்கு இடமே இல்லை.

இதைப் பற்றி மொழிக்கல்வி உலகில் பழைய விவாதம் ஒன்று உண்டு. 1996இல் ஜான் ட்ரஸ்கொட், இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பலனில்லை, அதைக் கைவிட வேண்டும் என்று வாதிட்டார். 1999இல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். தேர்ந்தெடுத்து, தெளிவாக, பிள்ளை மறுபடி எழுதும் விதமாகச் செய்தால் பலன் உண்டு என்பது அந்தப் பக்கத்தின் நிலை. நேரே விடையைத் தருவதும், பிழை இருக்கும் இடத்தை மட்டும் சுட்டுவதும் வெவ்வேறு வேலைகள் என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை நான் ஃபெரிஸ் பக்கம்.

மூன்றாம் தவணையில் திருத்தத்தைத் தொட்டு ஏற்பதை நிறுத்தினோம். திரையில் கோடு விழும் இடத்தைக் கொப்பியில் பென்சிலால் கோடிட வேண்டும். திரையை அணைத்துவிட்டுத் தானே திருத்த வேண்டும், பக்கத்தில் காரணத்தைத் தமிழில் எழுத வேண்டும். "ஒருத்தர், அதனால் எஸ்" என்ற அளவுக்கு எழுதினால் போதும். பெயர்களுக்கும் ஊர்ச் சொற்களுக்கும் விழும் கோட்டைக் கவனிக்கத் தேவையில்லை என்று சொல்லி, அவற்றை மென்பொருளின் சொந்த அகராதியில் சேர்க்கவும் காட்டிக் கொடுத்தோம். ஒவ்வொரு கிழமையும் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் துரத்தினோம். மற்றவற்றை வேண்டுமென்றே விட்டோம்.

அதோடு, கோடு விழாத வாக்கியங்களில் மூன்றைத் தெரிந்து, அவை தான் சொல்ல வந்ததைத்தான் சொல்கின்றனவா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் விளக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் பலித்தது. "அப்படின்னா அம்மா இப்பவா பறிக்கிறாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டதும் மற்றது தானாகவே "பிளக்ஸ்" என்று மாற்றியது. அந்தக் கேள்வியை இயந்திரம் கேட்டிருக்காது.

ஆண்டிறுதிக் கட்டுரைகளில் பழக்கத்தைச் சொல்லும் வினை வடிவம் பல கொப்பிகளில் சரியான இடத்துக்கு வந்திருந்தது. "த", "எ" பெரிதாக அசையவில்லை. நம் மொழியில் இல்லாத ஒன்றை ஒரு தவணையில் பழக்கிவிட முடியாது, அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. கட்டுரைகள் நீண்டிருந்தன, ஊர்ப் பெயர்கள் திரும்பி வந்திருந்தன. இது ஒரு பாடசாலையின் ஒரு வகுப்பு. எங்கள் கற்பித்தலும் அந்த ஆண்டில் மாறியது, எனவே முன்னேற்றம் எல்லாவற்றையும் மென்பொருளின் கணக்கில் எழுதக்கூடாது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மென்பொருளின் அமைப்பில் பிரித்தானிய ஆங்கிலத்தைத் தெரிந்தெடுங்கள், இல்லாவிட்டால் பாடநூலில் உள்ள "கலர்" என்பதன் எழுத்துகளைப் பிழை என்று காட்டும். போனில் எழுத வைப்பதானால் விசைப்பலகையின் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்துங்கள், அது மென்பொருள் பார்ப்பதற்கு முன்பே பிழையை மறைத்துவிடும். பிள்ளைகளின் முழுப் பெயரையும் குடும்ப விவரங்களையும் தட்டச்சு செய்ய விடாதீர்கள், எழுதுவது எங்கோ உள்ள சேவையகத்துக்குப் போகிறது. சிக்னல் இல்லாத பாடசாலைகளுக்கு, திறந்த மூல மென்பொருளான லாங்வேஜ்டூலைக் கணினியில் நிறுவி இணையம் இல்லாமல் ஓட்டலாம். விடையைக் கொடுக்காமல் சுட்டிக்காட்டும் முறை பிடித்திருந்தால், கேம்பிரிட்ஜின் இலவச ரைட் அண்ட் இம்ப்ரூவைப் பாருங்கள். மறுபடி பார்க்க வேண்டிய வாக்கியங்களை அது நிறமிட்டுக் காட்டும், அதனால் பிள்ளைக்கு யோசிக்க இடம் இருக்கும்.

அடுத்த ஆண்டு இதைத் தரம் 9இலேயே தொடங்குகிறோம். அம்மாவின் ஒரு நாளைப் பற்றிய கட்டுரையை முதல் மாதம் கணினி இல்லாமல் எழுதி, நண்பருக்கு வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் திரைக்குக் கொண்டுபோகப்போகிறோம்.